மயில் தோகையில் வைத்த கண்

கேமரா மாட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வணக்கம்.

சங்கத்து மலருக்கு அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வயர் இழுப்பதும் ஆங்கிள் பார்ப்பதும் இப்போது நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். போன மழைக்கு என் வீட்டு வாசல் கேமரா கெட்டுப்போய், உங்களில் ஒருவரைத்தான் கூப்பிட்டேன். முட்டி வலியால் ஏணியில் ஏற முடியாமல் நான் கீழே நின்று யோசனை சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வேறு மாதிரி மாட்டினார். படம் நன்றாக விழுகிறது. அதனால் தொழிலைச் சொல்லித்தர நான் வரவில்லை. நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்கிறேன். அந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் ஏற்காட்டில் யாரும் இல்லை.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். நான் சாமி கும்பிடுகிறவன். எந்த வேலையானாலும் எங்கள் மலைச் சாமி சேர்வராயனை நினைத்து ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் டிரில்லிங் மிஷினைத் தொடுவேன். கற்பூரம் ஏற்றிய வேலையில் தப்பு வராது என்று ஒரு திடம். இன்னொரு பெருமையும் உண்டு. ஒருமுறை தங்கும் விடுதிக்காரர் ஒருவர் அறைக்குள் ஒளித்து ஒரு கேமரா வைக்க முடியுமா என்று கேட்டார். அவரைத் திட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வந்ததோடு விட்டேனா? ஒண்டிக்கடை சந்திப்பில் டீ குடிக்கும் அத்தனை பேரிடமும் ஒரு வாரம் அதைச் சொன்னேன். படுக்கையறை கூடாது, குளியலறை கூடாது. எனக்குத் தெரிந்த சட்டம் மொத்தமே அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு என்னை ஒரு நீதிபதி என்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி கூப்பிட்டார். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு பழைய வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து போவார். மற்ற நாட்களில் ராமாயி என்ற அம்மாள் அந்த வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டார். மலைக் கிராமத்துக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். வீடு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, இரண்டு வேளையும் சாமி அறையில் விளக்கு வைப்பது எல்லாம் அவர்தான். அந்தச் சாமி அறையிலிருந்து ஒரு வெள்ளி விளக்கு காணாமல் போயிருந்தது.

“ஏனுங்க, வெளிய தெரியாத மாதிரி ஒண்ணு வெக்கோணும். அவளுக்குத் தெரியக்கூடாது” என்றார் முதலாளி.

“எந்த ரூமுங்க?”

“சாமி ரூமுதான்.”

என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சாமி அறையைவிடச் சுத்தமான இடம் உண்டா? ஆனாலும் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

“அங்க ஆருங்க போவாங்க?”

“வெளக்கு வெக்க அவ போவா. வேறாரு போறாங்க.”

இதைச் சொன்னவர் அந்த அறை வாசலில் நின்று திருநீறு பூசிக்கொண்டு நகர்கிறவர். கேட்டுக்கொண்ட நானும் என் வீட்டில் அப்படித்தான். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஓர் அறையைப் பற்றி முடிவு செய்தோம். அந்த அறையைப் புழங்குகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ராமாயியைச் சாமான் வாங்க டவுனுக்கு அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார் முதலாளி. வீட்டுக்கு லைட் பார்க்க ஆள் வரும் என்று ராமாயியிடம் சொல்லியிருந்தார். நான் போய்க் கற்பூரம் ஏற்றினேன். சுவரில் பெரிய முருகன் படம், அதில் முருகனுக்குப் பக்கத்தில் தோகை விரித்த மயில். அந்தத் தோகையில் எத்தனை கண்கள். அதில் ஒரு கண்ணில் துளை போட்டால் லென்ஸ் இருப்பது ஆண்டவனுக்கே தெரியாது என்று தோன்றியது. “அப்பனே, வேலைக்காகச் செய்கிறேன், மன்னிச்சுக்கோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு துளை போட்டேன். கேமராவைப் படத்துக்குப் பின்னால் ஒட்டினேன். அடாப்டர் சொருகும் பிளக், கீழே அலமாரித் தட்டில் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு ஒரு நூல் சேலையும் ரவிக்கையும் மடிப்பாக இருந்தன. அம்மனுக்குச் சாத்துகிற சேலை என்று நினைத்தேன். இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு தள்ளி வைத்தேன்.

அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் பளபளவென்று தாழ்ப்பாள் இருந்ததையும் பார்த்தேன். திருடுகிறவருக்கு நல்ல வசதி என்று நினைத்துக்கொண்டேன். குளியலறை வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் கொஞ்சம் தள்ளி, தகரக் கதவோடு இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் புத்திதான் இல்லை. கேமரா மாட்டுகிறவனுக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

அன்று சாயங்காலமே முதலாளி போன் செய்தார்.

“என்னுங்க, அசைவு அசைவுன்னு போனு கத்திக்கிட்டே கெடக்குது. தெறந்து பாத்தா ஒரே பொக.”

ஊதுபத்திப் புகை. ஆள் அசைந்தாலும் புகை அசைந்தாலும் அந்தக் கேமராவுக்கு ஒன்றுதான். கடையில் வியாபார நேரம், அவருக்குத் தொந்தரவு. எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

“சரி, நாளைக்குக் கடையச் சாத்திப்போட்டு மொத்தமாப் பாத்துக்கறேன்” என்றார்.

மாட்டிய மறுநாள் காலையில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்று என் போனில் ஒருதரம் பார்ப்பது என் வழக்கம். கேமராவை முதலில் என் போனில்தான் சேர்ப்பேன், அதனால் கடவுச்சொல் என்னிடம் இருக்கும். சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பதிவை ஓடவிட்டேன். விடிந்த வெளிச்சம். கதவு திறந்தது. ராமாயி ஈரத் தலையோடு, ஈரப் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி உள்ளே வந்தார். தாழ்ப்பாள் போட்டார். தட்டில் இருந்த சேலையை எடுக்கத் திரும்பினார்.

நான் போனைக் கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்தால் படம் தெரியாது, சத்தம் நிற்குமா? நின்று தொலையவில்லை. மேசையில் கவிழ்ந்த போனுக்குள் ராமாயி சாமியிடம் பேச ஆரம்பித்தார். வாய்விட்டு, பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி, அழுதுகொண்டே பேசினார். நான் எடுத்து அமுக்குகிறேன், காபி சிந்திய விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியவில்லை. ஒருவழியாக நிறுத்தும்போது கேட்கக்கூடாதது எல்லாம் கேட்டு முடிந்துவிட்டது. என் மனைவி கரண்டியோடு நின்றாள்.

“ஆருங்க அது, அழுவறது?”

சொன்னேன். என் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

“முருகன் படத்தத் தொளச்சு, ஒரு பொம்பள சீல மாத்தறதப் புடிச்சுட்டு வந்திருக்கறீங்க. கற்பூரம் வேற.”

“எனக்கென்ன தெரியும், சாமி ரூமுல போயி...”

“குளிரூருல, வெளிய குளிச்சுட்டு வர்ற பொம்பள, தாப்பா இருக்கற ரூமுலதான மாத்துவா? என்னையக் கேட்டிருந்தா மாட்டறதுக்கு முன்னயே சொல்லியிருப்பேன்.”

அழித்துவிடலாம் என்று விரல் போனது. அழித்துவிட்டு, கேமரா பழுது என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டால் முதலாளிக்கும் தெரியாது, ராமாயிக்கும் தெரியாது, என் பெயரும் கெடாது. அந்த யோசனை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் அழிக்குமுன் ஒருவரைக் கேட்டுவிட நினைத்தேன். எனக்குத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தார், பெரியவர். அவருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

“ஊடு அவருதுங்கறதால கேட்டுல வெக்கலாம், ஹால்ல வெக்கலாம், வேல செய்யறவங்களுக்குச் சொல்லிப்போட்டு வெக்கலாம். ஆருமே பாக்க மாட்டாங்கன்னு நம்பி ஒரு பொம்பள துணி மாத்தற எடத்துல புடிச்சா அது குத்தம். சொந்த ஊடா வாடக ஊடான்னெல்லாம் சட்டம் கேக்காது. ரூமு பேரு பெட்ரூமா சாமி ரூமான்னும் கேக்காது.”

“நான் வேலைக்காரன்தானுங்களே?”

“வெச்ச கை ஆருது? மொதக் கேள்வி உங்களத்தான் கேப்பாங்க. இன்னொருத்தருக்குக் காட்டுனா அது அடுத்த குத்தம்.”

“அப்ப அழிச்சுப்போடட்டுங்களா?”

“அது உங்களுதா, அழிக்கறதுக்கு? அந்தம்மா கேசு குடுக்கோணும்னா என்ன பண்ணுவீங்க? மொதல்ல அந்த மொதலாளி பாக்காத மாதிரி பண்ணுங்க. அப்பறம் போயி அவுங்ககிட்டச் சொல்லுங்க.”

“சொல்லோணுங்களா?”

“வேற ஆருகிட்டச் சொல்லுவீங்க?” என்று வைத்துவிட்டார்.

கடவுச்சொல்லை மாற்றி, முதலாளி போனைக் கேமராவிலிருந்து நீக்கினேன். காசு கொடுத்து வாங்கியவரை அவர் கேமராவிலிருந்தே வெளியே தள்ளியது அந்த ஒரு தடவைதான். ஸ்கூட்டரை எடுத்தேன். பனி இறங்கியிருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அதில் ஒன்றுகூட உண்மையாக இல்லை.

ராமாயி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் நான் கிளம்பும்போது என்னை வாசலில் பார்த்திருந்தார்.

“வாங்கண்ணா. நேத்துப் பாத்த லைட்டு மறுக்காவும் கெட்டுப்போச்சுங்களா?”

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டேன். மூன்றாவது சொம்பு கேட்க வெட்கமாக இருந்தது. சாமி அறைக்குப் போய்ப் படத்தை இறக்கி, கேமராவைப் பிரித்து, மெமரி கார்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். ராமாயி கதவருகே நின்று பார்த்தார்.

“அம்மணி, இது கேமரா. நேத்து நான்தான் வெச்சேன். காத்தால நீங்க உள்ள வந்தது இதுல இருக்குது.”

அவர் கத்தவில்லை. மயிலைப் பார்த்தார். நான் போட்ட துளையை ஒரு விரலால் மூடினார்.

“எதுக்குங்க?”

“வெள்ளி வெளக்கு காணமின்னு மொதலாளிக்கு...”

“நான் எடுத்தேன்னா?”

“அவருக்கு ஒரு சந்தேகம்.”

“உங்களுக்கு?”

“எனக்கு யோசனையே இல்லீங்க, அம்மணி. சொன்னாங்க, வெச்சேன்.”

“ஆராரு பாத்தாங்க?”

“நான் பாத்தேன். தாப்பா போட்டுத் திரும்பற வரைக்கும். அப்பறம் கவுத்துட்டேன். மொதலாளி பாக்கல, பாக்கவும் முடியாது.”

துளையிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார்.

“சத்தம் கேக்குங்களா இதுல?”

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். இது சத்தம் பதியாத கேமரா என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? அப்படிச் சொன்னால் அவருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. நாக்கு நுனிவரை வந்தது. எதிரே தரையில் சுவரோடு சாய்த்து வைத்த முருகன் என்னைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை, ராமாயி பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சுங்க. என்ற சம்சாரமும் பக்கத்துல இருந்தா.”

உடம்பு பதிவானதைச் சொன்னபோது நிமிர்ந்து நின்றவர், இதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அத நான் என்ற ஊட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னதில்லீங்களே” என்றார்.

அவர் என்ன பேசினார் என்பதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அனுமதி இல்லை. விளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது போன் அடித்தது. முதலாளி, கடையிலிருந்து. கடை திறந்த கையோடு ஒருதரம் எட்டிப் பார்க்க நினைத்திருக்கிறார்.

“என்னுங்க இது, பாஸ்வேர்டு தப்புங்குது?”

“மாத்தீட்டனுங்க.”

“ஆரக் கேட்டு மாத்துனீங்க?”

“நேர்ல வாங்க, சொல்றேன்.”

சேலம் மெயின் ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் வந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. காரை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்தார்.

“என்ற ஊடு. என்ற செவுரு. நான் எங்க வேணாலும் வெப்பேன். நீங்க ஆரு கழட்டறதுக்கு?”

“செவுரு உங்களுதுதானுங்க” என்று ஆரம்பித்து, குமாஸ்தா சொன்னதை ஒப்பித்தேன். பாதியில் மறந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படித்தான் ஆகும். முதலாளி சிரித்தார்.

“பெட்ரூமுல வெச்சாத்தான சட்டம்? சாமி ரூமுல எவடா துணி மாத்துவா?”

பதில் ராமாயியிடமிருந்து வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“ஞாயித்துக்கெழம உங்க ஊட்டம்மா குளிச்சுட்டு எங்கீங்க சீல மாத்துவாங்க?”

“பெட்ரூமுல.”

“பெட்ரூமுக் கதவு பனியில ஊறி, சாத்தவே வராதுங்களே. தாப்பா விழற ரூமு இந்த ஊட்டுல இது ஒண்ணுதான். அம்மாவும் இங்கதான் மாத்துவாங்க, பாப்பாவும் இங்கதான். நான்தான் வெளிய காவலு நிப்பேன். நீங்க ஹால்ல பேப்பரு படிச்சுட்டு இருப்பீங்க.”

முதலாளி சாமி அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கீழே சாய்த்திருந்த படத்தைப் பார்த்தார். அவர் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கு இன்னும் இரண்டே நாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் முகமும் காலையில் அப்படித்தான் போயிருக்கும். வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

நான் கார்டை ராமாயியிடம் நீட்டினேன்.

“இத என்ன பண்றதுன்னு நீங்கதான் சொல்லோணும், அம்மணி. ஸ்டேஷனுக்குப் போறதுன்னா நானும் வர்றேன். வெச்சது நான்தான்னு சொல்றேன்.”

“அங்க இதப் போட்டுப் பாப்பாங்களா?”

“பாப்பாங்க.”

அவர் கார்டை வாங்கி நகத்தளவு இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து பின்பக்கம் போனார். வெந்நீர் அடுப்பில் காலையில் எரிந்த கட்டை இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதற்குள் போட்டு ஊதினார். பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. என் போனில் இருந்ததையும் அவர் பார்க்க அழித்தேன். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை.

“படம் வேண்டாமுங்க. ஆனா இப்படி ஒண்ணு நடக்கவேயில்லீன்னு நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் சொல்லக்கூடாதல்லொ. எழுதிக் குடுங்க.”

முதலாளி காரிலிருந்து கடை நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். நான் எழுதினேன். ராமாயிக்குப் படிக்க வராது, வாசிக்கச் சொன்னார். ‘ஒரு வேலையின்போது தெரியாமல் படம் பதிவாகிவிட்டது’ என்று வாசித்தேன்.

“தெரியாம எங்கீங்க ஆச்சு? நீங்க வெச்சீங்க. அவரு வெக்கச் சொன்னாரு. எனக்குத்தான் தெரியாது. அப்படி எழுதுங்க.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். விளக்கை அவர் எடுத்ததாக யாரிடமும் சாட்சி இல்லை என்பதையும் எழுதச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். முதலாளி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். “போடுங்க, உங்க ஊட்டம்மாகிட்ட நானாப் போயிச் சொல்ல மாட்டேன்” என்றார் ராமாயி. போட்டார்.

அந்த மாதத்தோடு ராமாயி அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு பூச்செடி நர்சரியில் இருக்கிறார். வெள்ளி விளக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் ரிட்டயர் ஆகும்வரை ஒளித்து வைக்கிற வேலை எதையும் தொடவில்லை. வீட்டுக்குள் மாட்டக் கூப்பிட்டால், கூப்பிட்டவரை உட்கார வைத்துவிட்டு அந்த வீட்டுப் பெண்களையும் வேலை செய்கிறவர்களையும் வரச்சொல்வேன். குளியல் எங்கே, உடை மாற்றுவது எங்கே, தாழ்ப்பாள் எந்தக் கதவுக்கு என்று வாய்விட்டுக் கேட்பேன். முதலில் கூச்சமாக இருக்கும், எனக்கும் அவர்களுக்கும். என்ன கேமரா, எது தெரியும், சத்தம் பதியுமா என்று திரையைக் காட்டிச் சொல்லிவிட்டு, சத்தத்தை நிறுத்தி வைத்துத்தான் வருவேன். சொல்லக்கூடாது என்றால் மாட்ட மாட்டேன். நிறைய வேலை கைவிட்டுப் போனது. சிலர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அது சரிதான். என் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒருவர் பெட்டியில் இருக்கிறது. அவர் என்றைக்கு வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகலாம். போனால் நான் மறுக்க மாட்டேன்.

போன மாதம் ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராமாயியைப் பார்த்தேன். கையில் ரோஜாச் செடிப் பதியன்கள். முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் மனைவியை விசாரித்தார். மகனுக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னார். கோயிலுக்குப் போய் வந்தீர்களா என்று நான் கேட்டேன், பேச்சுக்குத்தான்.

“போனமுங்க. போயி நிக்கறேன், கும்படறேன். முன்ன மாதிரி வாயத் தொறந்து சாமிகிட்டப் பேச வர்றதில்லீங்க. மனசுக்குள்ளயே சொல்லிக்கறது.”

கையிலிருந்த பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. நான் அப்படி நிற்பதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, படியில் ஏறித் திரும்பி, செடியைச் சுகம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

“அந்தக் காகிதம் பத்தரமா இருக்குதுங்கண்ணா.”

“இருக்கட்டும், அம்மணி” என்றேன்.